ஆம்பூரில் கிடைத்த இடது கன்னம்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு எனக்கு மட்டும் திறக்கவில்லை. கடப்பிதழை வைத்தேன், விரலை வைத்தேன், கேமராவை நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் நின்றவர்களெல்லாம் சரசரவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிவப்பு விளக்கு. தொப்பியைக் கழற்றும்படி திரையில் படம் போட்டுக் காட்டியது. நான் தொப்பி போடும் ஆளே இல்லை.

பக்கத்து முகப்பில் இருந்த அதிகாரி கடப்பிதழில் உள்ள படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முகத்துல நரம்பு இழுத்துக்கிச்சா மாமா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார். அவருக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

நான் தைப்பிங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். ஆறாவதோடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு ஆயுசு பூராவும் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன். முந்தின வருடம் ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது கன்னம் தொங்கிக் கிடக்கிறது, கண் மூட மாட்டேன் என்கிறது. முகவாதம் என்றார்கள். சிலருக்குச் சீக்கிரமே முழுக்கச் சரியாகிவிடுமாம். எனக்குப் பாதி சரியாகி, மீதி அப்படியே தங்கிவிட்டது. கைப்பேசி என் முகத்துக்குத் திறப்பதை நிறுத்தியது. வேனில் ஏறும் சின்னப் பிள்ளைகள் கொஞ்ச நாள் உற்றுப் பார்த்துவிட்டு மறந்துவிட்டார்கள். என் மனைவி மல்லிகா இந்த முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த மாதம் மகள் ஷாலினிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் வைக்க அம்மா, அப்பா இருவரும் சேர்ந்த படம் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எங்களிடம் சேர்ந்து எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லை. மல்லிகா நன்றாக விழுந்திருந்தால் நான் பாதி வெட்டுப்பட்டிருப்பேன். அதனால் ஷாலினி மல்லிகாவின் பழைய படம் ஒன்றையும் என் புதுப் படம் ஒன்றையும் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தாள். அது எங்களை ஒரே சோபாவில் அருகருகே உட்கார வைத்துவிட்டது. அந்தப் படத்தை ஆம்பூரில் உள்ள ஒரு பெண்ணுக்கு அனுப்பினாள். அவர் ஆட்டுத் தோலை வெட்டி, கையால் தைத்து, மனித முகங்கள் செய்கிறவர்.

அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டினாள். படத்தில் என் முகம் நேராக இருந்தது. "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டேன். கழுவும்போதுதான் கவலை பிடித்தது. கவலைப்படுவது எனக்குத் தொழில். வேன் ஓட்டுவது உபதொழில். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் என் கோணல் முகம் படக்கூடாது என்று வெட்கப்படுகிறாளோ? கேட்க வாய் வரவில்லை.

தோல் படத்தைத் தபாலில் வரவழைத்தால் மழையில் ஊறிவிடும், மடித்துவிடுவார்கள், எலி கடிக்கும் என்றெல்லாம் சொல்லி, நானே போய் வாங்கி வருகிறேன் என்றேன். வேலூரில் நரம்புக்கு நல்ல வைத்தியம் உண்டு என்று யாரோ சொன்னதும் ஒத்துப்போயிற்று. இந்தியாவுக்கு இதுதான் என் முதல் பயணம். பெட்டியில் கண் மருந்தும் மாற்றுச் சட்டையும் இருந்தன. மகளிடம் கேட்காத கேள்வியும் கூடவே வந்தது.

சென்னையிலிருந்து ஏறிய பேருந்து காவேரிப்பாக்கம் அருகே டயர் வெடித்து நின்றது. எங்கள் ஊரில் இப்படி ஆனால் எல்லோரும் உட்கார்ந்த இடத்தில் கைப்பேசியை நோண்டுவார்கள். இங்கே மொத்தப் பேருந்தும் கீழே இறங்கி டயரைச் சுற்றி நின்று தீர்ப்பு சொன்னது.

"பழைய டயரு. நான் ஏறும்போதே பாத்தேன்," என்றார் ஒருவர்.

"பாத்தவரு அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றார் நடத்துனர்.

"சொன்னா எறக்கி வுட்டு வேற வண்டி பாருன்னுவீங்க."

நான் ஏரிக்கரை மேல் ஏறிப் பார்த்தேன். முதலில் கடல் என்றே நினைத்தேன். தைப்பிங்கிலும் ஏரி உண்டு. சாயங்காலம் சுற்றி வந்து தேநீர் குடிக்கலாம். இதைச் சுற்றி வர வேலைக்கு விடுப்பு எடுக்கவேண்டும் போலிருந்தது. கரையில் கொய்யாப்பழம் விற்ற அம்மா எனக்கு ஒன்றை நறுக்கி மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "பல்லு வலியா பெரியவரே? அந்தாண்ட பக்கமா வெச்சி கடிங்க." பல்வலி இல்லை என்று விளக்க ஆரம்பிப்பதற்குள் பேருந்து ஹாரன் அடித்தது. வலது பக்கமாகவே வைத்துக் கடித்தேன்.

வேலூரில் தங்கும் விடுதி இருந்த தெருவில் பாதிப் பலகைகள் வங்காள எழுத்தில் இருந்தன. வைத்தியத்துக்கு அவ்வளவு பேர் வங்காளத்திலிருந்து வருகிறார்களாம். தமிழ்நாட்டுக்கு வந்து முதல் சாப்பாடு கடுகெண்ணெயில் பொரித்த மீனாக அமைந்தது. பக்கத்து மேசையில் ஒரு வங்காளிக் கணவனும் மனைவியும் ஒரு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா என்னைப் புருவம் தூக்கச் சொன்னார், விசில் அடிக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பொறுமையாகத் தொட்டுப் பார்த்தார். "திரும்ப வர வேண்டியது வந்துடுச்சு ஐயா. கண்ணுக்கு மருந்து போடுங்க, பயிற்சியை விடாதீங்க," என்றார்.

"நேராகாதா?"

"இனிமே இதுதான் உங்க முகம்," என்றார். அவர் அதைக் கெட்ட செய்தியாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார். நான் வெளியே வந்து, கோட்டை அகழி ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் என் முகம் தெரிந்தது. தண்ணீரே ஆடிக்கொண்டிருந்ததால் எந்தப் பக்கம் கோணல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை ஆம்பூருக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் ஷூ கம்பெனிப் பேருந்துகள்; ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே நிறக் கோட்டுப் போட்ட பெண்கள், தலையில் பூ, சிலர் தலையில் முக்காடு. அரைத் தூக்கம், அரைச் சிரிப்பு. சில இடங்களில் தோல் பதனிடும் வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் இருந்தவர் நான் கைக்குட்டையை எடுப்பதைப் பார்த்து, "எங்களுக்கு இது தெரியாது. லீவுக்கு வெளியூரு போனாத்தான், இன்னாடா காத்துல ஒண்ணும் இல்லியேன்னு இருக்கும்," என்றார்.

வண்டி ஊருக்குள் போகாது என்று நடத்துனர் என்னை நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டார். லாரிகள் காதோரம் பறந்தன. இங்கேயே அடிபட்டால் ஷாலினிக்கு யார் தகவல் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது ஓர் ஆட்டோ வந்தது.

"பிரியாணியா, ஷூவா?" என்றார் ஓட்டுநர். "வெளியூர்க்காரங்க இந்த ரெண்டுக்குத்தான் வருவாங்க."

"முகத்துக்கு," என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.

பேருந்து நிலையத்தருகே நிற்கும்படி நஸ்ரீன் சொல்லியிருந்தார். அவர்தான் முகம் செய்கிறவர். கறுப்பு புர்காவோடு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தார், பின்னால் இன்னொரு பெண். இருவரும் என்னைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடி தாண்டிப் போனார்கள். என் முகத்தை வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து வெட்டியவர், என்னைத் தெரியாமல் போகிறார். விமான நிலையக் கதவுக்கு முன் நின்றது போலிருந்தது. கையைத் தூக்கி ஆட்டினேன்.

வண்டியை நிறுத்தி, என்னை அருகில் பார்த்து, நஸ்ரீன் திகைத்துப்போனார். "மலேசியா அண்ணனா? மன்னிச்சிக்கோங்கண்ணா. படத்துல வேற மாதிரி..." என்று நிறுத்திக்கொண்டார். பின்னால் இருந்தவர் உருதுவில் ஏதோ சொல்ல, நஸ்ரீன் முழங்கையால் இடித்தார். என்ன சொன்னார் என்று நான் விடாமல் கேட்டேன்.

"இவ என் நாத்தனார் பர்வீன். வாய் ஜாஸ்தி. 'படத்துல இருக்கிறவரு மாப்பிள்ளை மாதிரி இருக்காரு, வந்திருக்கிறவரு மாமனார் மாதிரி இருக்காரே'ன்னுது."

"மாமனார்தான்மா ஆகப்போறேன்," என்றேன். நடு ரோட்டில் மூவரும் சிரித்தோம். என் சிரிப்பு வலது பக்கம் மட்டும்.

நஸ்ரீன் வீட்டு மாடியில் ஒரு நீள அறை. கதவைத் திறந்ததும் நான் வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டேன். சுவர் முழுக்க முகங்கள். எல்லாம் பெண்கள், எல்லாம் ஆள் அளவு, எல்லாம் தோல். பழுப்பு, கறுப்பு, தேன் நிறம், சாம்பல். நெற்றி ஒரு துண்டு, கன்னம் ஒரு துண்டு, மூக்கின் நிழலுக்குச் சீவி எடுத்த மெல்லிய துண்டு. தையல் தெரிகிறது, ஆனால் சற்றுத் தள்ளி நின்றால் தையல் போய்விடுகிறது, ஆள் வந்துவிடுகிறார். கூட்டமான பேருந்தில் ஏறியதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி இருந்தது. என்னை அறியாமல் வணக்கம் சொல்லக் கையைக் கூப்பினேன்.

"யாரும்மா இவங்கல்லாம்?"

"யாரும் இல்லண்ணா," என்றார் நஸ்ரீன். "பொறக்காதவங்க."

விளக்கினார். ஷூ கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். முதலில் தோல் வெட்டும் இடத்தில், பிறகு வெட்டிய துண்டுகளை இடது, வலது என்று ஜோடி சேர்க்கும் மேசையில். ஒருநாள் மகன் கைப்பேசியைக் கொடுத்து, எதைச் சொன்னாலும் மெஷின் வரையும் என்றிருக்கிறான். "ஷூ கம்பெனியில வேலை செய்ற நாப்பது வயசு ஆம்பூர் பொம்பளயப் போடுன்னேன். சினிமாக்காரி மாதிரி ஒண்ணு போட்டுச்சு. அப்படி இல்லடா, ஓவர்டைம் பாத்துட்டு வர்றவளப் போடுன்னேன். கண்ணுக்குக் கீழ கறுப்பு வெச்சிச்சு, ஆனா நகப்பூச்சு போட்டுக்கினு இருந்தா. சண்டை போட்டுப் போட்டு ஒரு மூஞ்சி வாங்கினேன். அது யாரோட மூஞ்சியும் கிடையாதாம். அதைத் தோல்ல வெட்டினேன்."

தோலில் வெட்டும்போது வேறு ஏதோ நடந்தது என்றார். ஆட்டுத் தோலில் முள் கீறிய கோடு இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும். கம்பெனியில் அதெல்லாம் கழிவு. அவர் அந்த இடங்களையே தேடி எடுத்து முகத்தில் வைத்தார். "மெஷின் குடுத்தவளுக்கு எதுவும் நடந்ததே கிடையாது. ஒரு அடி, ஒரு காய்ச்சல், ஒண்ணும் இல்ல. ஆடு எவ்ளோ பட்டிருக்கு பாருங்க. அதைக் கொஞ்சம் அவளுக்குக் குடுத்தேன்."

பர்வீன் சுவரில் ஆணி மட்டும் இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். கீழ்வீட்டுக்கு வந்த ஒரு பெண், அங்கே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு நகரவே இல்லையாம். இது என் அக்கா, இறந்து வெகுநாள் ஆகிறது, இவளை எங்கே பார்த்தீர்கள் என்று அழுதாராம். பிறக்காத பெண், மெஷின் வரைந்தது என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

"அப்புறம்?"

"குடுத்துட்டாங்க," என்றார் பர்வீன். "வேற இன்னா பண்றது? அக்காவாச்சே."

எங்கேயும் இல்லாத ஒருத்தி, கையால் தைத்து முடித்ததும் யாருக்கோ அக்காவாகி வீட்டுக்குப் போய்விட்டாள். விமான நிலையக் கேமரா முன்னால் முழு ஆளாக நின்ற நான், நானே இல்லை என்று ஆகிவிட்டேன். படித்தவர்களாக இருந்தால் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

எங்கள் படம் ஜன்னலோரம் துணி மூடி இருந்தது. நஸ்ரீன் துணியை எடுத்தார்.

மல்லிகா இருந்தாள். அவளுடைய அகல நெற்றி, மூக்குத்தி, மேலுதட்டுக்கு மேல் வியர்த்தது போல ஒரு மினுக்கு. தோலில் செய்த தோல். மயிர்க்கால்கள் கூட இருந்தன. தொட்டால் சூடாக இருக்கும் என்று பயந்து தொடவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. கேமராவைக் கண்டால் முறைப்பாள் அவள். இதில் கண்ணைச் சற்றுத் தாழ்த்தி, பக்கவாட்டில் என் பக்கமாகத் திருப்பியிருந்தாள். அது மெஷின் செய்த வேலை. சோபாவில் உட்காரவைத்தால் போதாதென்று என்னைப் பார்க்கவும் வைத்திருக்கிறது. காதல் பார்வை என்று நினைத்துச் செய்திருக்கும். அவள் என்னை அப்படிப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை.

அவளுக்கு வலப்புறம் ஒரு ஆள். நேரான ஆள். சட்டை என்னுடையது.

அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலது புருவத்தில் ஒரு வெட்டு உண்டு, சின்ன வயதில் ஊஞ்சல் பலகை பட்டது. படத்தில் இரண்டு புருவத்திலும் வெட்டு இருந்தது.

"இது ஒண்ணுதான்மா எனக்கு," என்று என் புருவத்தைக் காட்டினேன்.

நஸ்ரீன் அருகில் வந்து என் புருவத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பக்கமும் அடிபட்டவருன்னு நெனச்சிக்கினு தச்சேன் அண்ணா," என்றார். பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு நஸ்ரீன், தோல் மேல் வைத்து அளவு பார்த்து வெட்டும் ஓர் அட்டையை எடுத்து வந்தார். அரை முகம், என்னுடையது. "மல்லிகா அண்ணிக்கு லெஃப்ட்டு ஒரு அட்டை, ரைட்டு ஒரு அட்டை. மனுச மூஞ்சி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. உங்களுக்கு ஒரே அட்டைதான். வெட்டிட்டு, அதையே திருப்பிப் போட்டு மறு பாதி வெட்டினேன், ஷூவுக்குப் பண்ற மாதிரி. கச்சிதமா உக்காந்துச்சு. அப்பவே டவுட்டு வந்திருக்கணும். கைப்பழக்கம், வெட்டிக்கினே போய்ட்டேன். மெஷின் உங்க நல்ல பக்கத்தை ரெண்டு தரம் வெச்சிருக்குது. ரெண்டு ரைட்டு ஷூவை ஒரே டப்பால போட்டு ஜோடின்னு அனுப்பிட்டேன்."

"இப்ப என்ன செய்யலாம்?"

"இதுவே அழகாத்தான் இருக்கு. கல்யாணத்துக்கு இது போதும்," என்றார். படத்தின் இடது கன்னத்தைத் தொட்டு, "வேணும்னா லெஃப்ட்டை எடுத்துட்டு உங்கள உக்கார வெச்சிப் பாத்து வேற வைக்கிறேன். ஆனா எடுத்தா எடுத்ததுதான். பழைய கன்னம் கிழிஞ்சிதான் வரும். மெஷின்ல மாதிரி திரும்பிப் போவ முடியாது."

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு ஜோடி ஷூவை ஒரே தோலில்தான் வெட்டுவார்களாம். வேறு வேறு தோலில் வெட்டினால் பக்கத்தில் வைக்கும்போது நிறம் காட்டிக் கொடுத்துவிடும். அதே பழக்கத்தில், கணவன் மனைவி என்றால் இருவரையும் ஒரே தோலில் வெட்டுவது நஸ்ரீனின் வழக்கம். மல்லிகாவும் நானும் ஒரே ஆட்டின் தோல். அதில் மீதி இருந்தது வயிற்றோரம் மட்டும். அதை என் கையில் கொடுத்தார். தொளதொளவென்று, பழைய பனியன் மாதிரி இருந்தது. "இதை ஷூவுக்கு எடுக்கவே மாட்டோம். இழுத்தா நிக்காது. நல்லா வருமான்னு எனக்கே தெரியாதுண்ணா."

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டேன்.

"படம் பாத்திட்டிங்களாப்பா? எப்படி இருக்கு?"

"அம்மா உயிரோட இருக்கா."

"நீங்க?"

"நான் நேரா இருக்கேன்," என்றேன். கடல் தாண்டிக் கொண்டுவந்ததை அப்போதுதான் இறக்கி வைத்தேன். "ஏம்மா நேராக்கின? மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களுக்காகவா?"

"ஐயோ அப்பா. அவங்கதான் உங்களோட உக்காந்து சாப்பிட்டே போயிட்டாங்களே. அம்மாவுக்குத் தெரிஞ்ச மொகம் அதானேப்பா. வேற மாரி இருந்தா, பக்கத்துல யாருன்னு அவங்களுக்குத் தெரியாதேன்னு..."

அழுதுவிட்டாள். நான் எப்போதும் போல, சாப்பிட்டியா, வெளிக்கதவைப் பூட்டினியா என்று கேட்டேன். எந்தப் படம் பிடிக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள், இரண்டுமே என் அப்பாதான் என்றாள்.

ஒரு கவலை போன இடத்தில் அதைவிடப் பெரிது வந்து உட்கார்ந்தது. மகள் சொல்வது நியாயம்தானே? மல்லிகா வாழ்ந்தது அந்த நேரான ஆளோடுதான். அவள் பக்கத்தில் இந்தக் கோணல் ஆளை உட்காரவைக்க எனக்கு என்ன உரிமை? யோசித்துச் சொல்கிறேன் என்று நஸ்ரீனிடம் சொல்லிவிட்டு, கால் போன பக்கம் நடந்தேன். கால் பிரியாணிக் கடைக்குப் போயிற்று.

சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னதாக, எண்ணெய் மினுங்காமல். பக்கத்தில் புளிப்பாகக் கத்தரிக்காய்க் குழம்பு. எங்கள் ஊர் பிரியாணி தூரத்திலேயே கூவிக் கூப்பிடும். இது வாய்க்குள் போன பிறகுதான் பேசுகிறது. கவலையோடு சாப்பிட உட்கார்ந்தவன், இன்னொரு தட்டும் சொன்னேன்.

எதிரில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தோல் வியாபாரி போலிருந்தது. என்னைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். விழித்தேன். பரிமாறியவர் தமிழில் சொன்னார்: "வாயோரம் சோறு ஒட்டிக்கினு இருக்குதாம். சொல்லலன்னா தப்பு, சொன்னதுக்குக் கோச்சிக்காதீங்கன்றாரு."

துடைத்துக்கொண்டேன். இடது பக்கம். அங்கே எனக்கு உணர்ச்சி கம்மி. தாடிக்காரர் தலையை ஆட்டிவிட்டு எலும்பைக் கடிக்கப் போனார்.

கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகம் இழுத்துக்கொண்ட நாளிலிருந்து எத்தனை பருக்கை ஒட்டியிருந்ததோ, எத்தனை பேர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தார்களோ. ஷாலினி பார்த்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள், நான் வருத்தப்படுவேனாம். மல்லிகா விடமாட்டாள். முகம் நன்றாக இருந்த காலத்திலேயே எனக்குச் சுத்தமாகச் சாப்பிட வராது. கோயில் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், என் வாயோரத்தையே பார்ப்பாள். நான் துடைக்கிறவரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாள். அவள் இருந்திருந்தால் இந்த முகத்தோடு எனக்கு எவ்வளவு வேலை வைத்திருப்பாள்.

கையைக் கழுவிக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன். "எடுத்துடுங்க தங்கச்சி."

"நல்லா யோசிச்சீங்களா அண்ணா?"

"யோசிச்சா எடுக்க விட மாட்டேன். யோசிக்கிறதுக்குள்ள எடுங்க."

பர்வீனுக்குக் காரணம் தெரிந்தாகவேண்டும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்னையும் படத்தையும் பார்த்துவிட்டு, மல்லிகா பக்கத்தில் யாரு, இவருடைய தம்பியா என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். அதுவும் உண்மையான கவலைதான்.

மறுநாள் காலையில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். நஸ்ரீன் ஒரு புதிய அட்டையில் என் இடது பக்கத்தை வரைந்தார். நடுவில் எழுந்து வந்து, வெட்கத்தோடு கேட்டுவிட்டு, இரண்டு கட்டைவிரலால் என் கன்னத்தை லேசாக இழுத்து விட்டார். அது எந்த வேகத்தில் திரும்பி வருகிறது என்று பார்த்தார். பிறகு வயிற்றோரத் தோலையும் அதேபோல் இழுத்து விட்டார்.

"சிரிங்கண்ணா."

"சிரிச்சிக்கிட்டுதான்மா இருக்கேன்."

படத்திலிருந்து பழைய கன்னத்தை எடுத்தபோது நிஜமாகவே கிழிந்தது. அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். இடது கண் மூடாது. அதனால் பாதியைப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சரியாகச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. நஸ்ரீன் அந்தத் தொளதொளத் தோலை வெட்டி, ஓரத்தைச் சீவி, கன்ன எலும்பில் ஒட்டி, கீழே தைக்காமல் விட்டார். அது தன் கனத்தில் தானே இறங்கியது. கண்ணுக்குக் கீழே ஒரு பை விழுந்தது. வாயோரத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. அவர் எதையும் செய்யவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நின்ற இடத்தில் தைத்தார். கழிவு என்று எந்தக் கம்பெனியும் தொடாத தோல், என் முகத்துக்கு வழி தெரிந்தது போலப் போய் உட்கார்ந்தது. கீழே தெருவில் யாரோ பழம் விற்றுக்கொண்டு போனார்கள்.

முடித்ததும் படத்தை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். பிறக்காத பெண்களுக்கு நடுவில் நானும் மல்லிகாவும்.

என் இடது பக்கம்தான் அவள் உட்கார்ந்திருக்கிற பக்கம். நேற்று இதை நான் கவனிக்கவில்லை. சற்றுத் தாழ்ந்து, பக்கவாட்டில் திரும்பியிருந்த அவள் கண், நேற்று அந்த நேரான ஆளிடம் பார்க்க எதுவுமில்லாமல் சும்மா இருந்தது. இன்று அது என் வாயோரத்து மடிப்பில் போய் நின்றது. அதிலேயே நின்றது. மெஷின் அவளை எதற்கு அப்படித் திருப்பிவைத்ததோ தெரியாது. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

கை தானாக மேலே போயிற்று. இடது வாயோரத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அங்க ஒண்ணும் இல்லண்ணா," என்றார் நஸ்ரீன்.

"தெரியும்மா," என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவையும் துடைத்துக்கொண்டேன்.